அம்மா படம் போட்ட சீட்டு

ஜனவரி 12

அன்புத் தங்கை சின்னுவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் வேண்டிக்கொண்டு, அந்தக் கையோடு எழுத உட்கார்ந்தேன். உன் விடுதி அறைத்தோழியின் குறட்டை அடங்கியதா, இல்லை நீயும் சேர்ந்து ஒத்து ஊதுகிறாயா?

குறைவில்லை என்று எழுதியது பழக்க தோஷம். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை. அதன்பிறகு இரண்டு மாதம் குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, தும்பியின் பின்னால் ஓடக் கூடாது. கடைசியாகச் சொன்னது டாக்டரம்மா இல்லை, நான்.

பள்ளிக்கூடத்தையும் அதே மே மாதம்தான் மூடுகிறார்கள். உன் அத்தான் காலையில் கடைசல் பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு வருகிறார். நான் ஓர் அறையில் படுத்துக் கிடக்க, வாய் பேசாத என் ஒன்பது வயதுப் பெண் தும்பி இன்னோர் அறையில் அடைந்து கிடக்க, கோடை முழுவதும் எப்படிப் போகும் சொல்? இவளுடைய சிறப்புப் பள்ளியில் கோடை வகுப்பு உண்டு. எல்லோருக்கும் கிடையாது. எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்கிறது. ஆபரேஷனைச் சொல்லிக் கேட்டால் இரங்குவார்கள் என்று நினைத்தேன். ஆபீஸ் குமாஸ்தா சிரிக்கிறார். "அம்மா, உங்க உடம்புக்காக இங்க வகுப்பு நடத்தலை. பிள்ளை லீவுல கத்துக்கிட்டதை மறக்குதா, மறந்தது திரும்ப வர எவ்வளவு நாளாகுது, அதைத்தான் கமிட்டி பார்க்கும்" என்றார்.

போன வருடமும் கேட்டேன். விடுமுறையில் தும்பி என்றைக்கு எந்தப் படச் சீட்டைக் கொடுத்தாள், எதை மறந்து எதைத் திரும்பப் பிடித்தாள் என்று பால் கணக்கு மாதிரி விடாமல் எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு அக்கறையான அம்மாவா என்று மெச்சுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. "உங்க கணக்குப்படியே பொண்ணு ஒண்ணும் இழக்கலையே" என்று ஒரே வரியில் கதவைச் சாத்தினார்கள்.

உன் ஊர்க் கல்வி ஆபீஸில் நீ இதே மாதிரிக் கமிட்டிக்குத்தானே டைப் அடிக்கிறாய். அவர்கள் மனசு எதில் இளகும் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. எழுது.

சளியை வைத்துக்கொண்டு தலைக்குக் குளித்து ஈரத்தோடு ஆபீஸுக்கு ஓடாதே.

உன் அக்கா


ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். குறட்டையும் சுகம். ஆபரேஷன் விஷயத்தை இப்படிப் பால் கணக்குக்கு நடுவில் செருகி எழுதுகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். வேறு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டாயா? அத்தான் என்ன சொல்கிறார்?

நீ கேட்டதற்கு வருகிறேன். கமிட்டிக்கு மனசு கிடையாது அக்கா. இரண்டு கட்டம்தான் உண்டு. விடுமுறைக்கு முன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது ஒரு கட்டம். விடுமுறைக்குப் பின் என்ன தெரியும் என்பது இன்னொரு கட்டம். இரண்டும் சமமாக இருந்தால் தகுதி இல்லை. இரண்டாவது கட்டம் சரிந்து, இரண்டு மூன்று வாரம் ஆகியும் ஏறவில்லை என்றால் தகுதி உண்டு. நான் அடிக்கிற உத்தரவுகள் எல்லாம் இந்த ஒரே அச்சுதான். "விடுமுறையில் இழப்பு ஏதும் காணப்படவில்லை." இதை நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

இப்போது உன் கதைக்கு வா. போன கோடையில் நீ ஒரு பள்ளிக்கூடத்தையே வீட்டில் நடத்தினாய். தும்பி எதை இழப்பாள்? கமிட்டி நடத்த வேண்டியதை நீ நடத்திவிட்டு, அதற்குச் சாட்சியும் நீயே எழுதிக் கொடுத்தாய்.

மார்ச்சில் உங்களுக்குப் பத்து நாள் விடுமுறை வரும் இல்லையா? அதில் ஒன்றும் செய்யாதே. சீட்டுகளை எடுத்து மேலே வைத்துவிடு. சொல்லிக் கொடுக்காதே, கேட்டால் கொடுக்காதே. சும்மா இரு. பள்ளி திறந்ததும் அவர்களே பரிசோதிப்பார்கள். சரிந்திருக்கும். கோடை வகுப்பு கிடைத்துவிடும். நீ நிம்மதியாகப் படுக்கலாம். பத்தே நாள்தானே அக்கா. இழந்ததைக் கோடை வகுப்பில் அவர்களே திரும்ப ஏற்றிவிடுவார்கள்.

கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. என் வேலைக்கு உலை வைத்துவிடாதே.

அன்புடன்,
சின்னு


பிப்ரவரி 5

அன்புத் தங்கை சின்னுவுக்கு,

இங்கே சுகமே. உன் சளி என்னவாயிற்று என்று நீ எழுதவில்லை. உனக்காகத் தனியாக ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன், எதற்கு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் "எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்பாய்.

உன் யோசனையை மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் மடித்து உறைக்குள் வைத்தேன்.

நீ இங்கே வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது, உனக்கு இந்தச் சீட்டு விவகாரம் சரியாகத் தெரியாது. அட்டையில் படம் ஒட்டி, மேலே கண்ணாடித் தாள் ஒட்டிய சீட்டுகள். தண்ணீருக்கு டம்ளர் படம், கழிப்பறைக்குக் கதவு படம், வெளியே போகச் செருப்புப் படம். தும்பி அதை எடுத்துக்கொண்டு வந்து நம் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வைத்த நொடியே கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். டீச்சர் இதில் கறார். "அவங்க கேக்குற ஒரே வழி உங்க கைதான்மா. ஒரு தடவை கை மூடிட்டா அப்புறம் அந்தக் கையை நம்ப மாட்டாங்க" என்று முதல் நாளே சொன்னார். அடுப்பில் பால் பொங்கினாலும் நான் கையை நீட்டி வாங்கிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பேன். உன் அத்தான் கேலி செய்வார். "எனக்கும் ஒரு சீட்டு பண்ணிக் குடு, காபி படம் போட்டு. அப்பவாவது கேட்ட உடனே வருதான்னு பார்க்கறேன்" என்பார்.

போன கோடையில் என் படம் போட்டு ஒரு சீட்டு செய்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நான் எப்போதும் வீட்டில்தானே இருக்கிறேன், என்னை எதற்குக் கேட்கப் போகிறாள்? ஒரு மாதம் அது கட்டோடு கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்தாள். அந்தச் சீட்டை என் கையில் வைத்தாள். தண்ணீர் வேண்டாம், வெளியே போக வேண்டாம். நான்தான் வேண்டும். மடித்த துணியை எல்லாம் தள்ளிவிட்டு உட்கார வைத்துக்கொண்டேன். அவள் சந்தோஷத்தில் இரண்டு கையையும் படபடவென்று அடித்தாள். அதற்காகத்தானே தும்பி என்று பெயர் வந்தது. அம்மா என்று அவள் வாய் திறந்து சொன்னதில்லை சின்னு. சொல்லவும் மாட்டாள் என்கிறார்கள். எனக்கு அந்தச் சீட்டுதான் அது.

இதை எடுத்து மேலே வை என்கிறாய். ஒப்பவில்லை. வேறு வழி இருந்தால் சொல்.

உன் அக்கா


பிப்ரவரி 18

அன்பு அக்காவுக்கு,

சளி போய்விட்டது, வேண்டுதலையும் வாபஸ் வாங்கிக்கொள். உன் இரத்த சோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா?

வேறு வழி இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று ஓர் அம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்தார். மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். பன்னிரண்டு வயதுப் பையன். உன்னைப் போலவே வீட்டில் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறவர். உத்தரவு நான் அடித்ததுதான், "இழப்பு ஏதும் காணப்படவில்லை." அதை வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப நான் சொல்லிக் குடுத்தது தப்பா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த அம்மா மாதிரி நீ படி இறங்கிப் போகக் கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன். நீ நல்ல அம்மாவாக இருப்பதுதான் உனக்கு வில்லங்கம். பத்து நாள் கொஞ்சம் கெட்ட அம்மாவாக இரு. யோசித்துப் பார். தையல் போட்ட வயிற்றோடு நீ கிடக்கும்போது அவள் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினால் யார் பிடிப்பது? பத்து நாள் சீட்டு பெரிதா, அது பெரிதா?

கோபப்படாதே. உடனே பதில் போடு.

சின்னு


மார்ச் 2

சின்னுவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இரு.

போன திங்கட்கிழமை தும்பி வாசல் தாழ்ப்பாளைத் தானே திறந்துவிட்டாள். லாரி வரும் நேரம். எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை விட்டு ஓடிவந்து பிடித்தார். எனக்கு மூச்சு இரைத்து, இரத்தப்போக்கு வந்து, அன்று முழுக்க எழுந்திருக்க முடியவில்லை. நீ எழுதியது சரிதான்.

எட்டாம் தேதி விடுமுறை தொடங்குகிறது. சீட்டுகளை எல்லாம் துடைத்து, கட்டி, பீரோவின் மேல் வைக்கப் போகிறேன். உன் அத்தானிடம் டீச்சர் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். பொய். அதற்கு நான் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 24

அன்பு அக்காவுக்கு,

சுகமா? நான் சுகம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கும். பரிசோதித்தார்களா? என்ன சொன்னார்கள்? தும்பி எப்படி இருக்கிறாள்?

அறைத்தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் குறட்டை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, தியாகம்.

தும்பி எப்படி இருக்கிறாள் என்று மறக்காமல் எழுது.

சின்னு


ஏப்ரல் 4

சின்னுவுக்கு,

உன் கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். எதிர்வீட்டுத் தையல்காரரின் மாமியார் வந்திருக்கிறார், நாள் பூராவும் ரேடியோ. ஆபரேஷனுக்கு முன் எடுக்க வேண்டிய பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டேன், மே ஆறாம் தேதி என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கோடைக்கு இப்போதே வெயில் பல்லைக் காட்டுகிறது.

பள்ளியில் பரிசோதித்தார்கள். நீ சொன்னபடியே இரண்டாவது கட்டம் சரிந்துவிட்டது. நீ நினைத்ததைவிட நன்றாகவே சரிந்திருக்கிறது. முன்னே பதினான்கு சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தவள் ஒன்றையும் தொடவில்லையாம். மூன்று வாரம் ஆகப் போகிறது, இன்னும் தொடவில்லை. டீச்சர் கையைப் பிசைகிறார். குமாஸ்தா மட்டும் "இந்தத் தடவை உங்களுக்குக் கண்டிப்பா கிடைச்சுரும்மா" என்று வாழ்த்துகிற மாதிரி சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

கமிட்டி இருபத்தாறாம் தேதி. உன் தோழியின் கல்யாணத்துக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 13

மச்சினிக்கு அத்தான் எழுதுவது,

நல்லா இருக்கியா. எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்ல, பட்டறையில பில் எழுதறதோட சரி. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க.

நீ எழுதின கடுதாசிகளை உன் அக்கா நேத்து என்கிட்ட எடுத்துக் காட்டினா. கிழிச்சுப் போடச் சொல்லியிருக்க, அவ எதைக் கிழிச்சிருக்கா. படிச்சுட்டுக் கோபத்துல எழுதறேன்னு நினைக்காத. கோபம் நேத்து ராத்திரியோட தீந்துபோச்சு. நடந்தது உனக்குத் தெரியணும். அவ எழுத மாட்டா.

லீவு விட்ட மொத நாள் பாப்பா பீரோ முன்னாடி நின்னு மேல பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. அடுத்த நாள் சீட்டு இல்லாட்டி என்னன்னு கையில கிடைச்ச காகிதத்தை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்திருக்கா. சோப்பு உறை, பஸ் டிக்கெட்டு, காலண்டர்ல கிழிச்ச தேதி. ஒவ்வொண்ணா கொண்டுவந்து உன் அக்கா கையில வெக்கப் பார்த்திருக்கா. உன் அக்கா கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னிருக்கா. இவ சுத்திப் பின்பக்கம் வந்தா அவ முன்பக்கம் மாத்திக்குவாளாம். தண்ணிய மட்டும் அப்பப்ப டம்ளர்ல ஊத்தி எட்டத்துல வெச்சுடுவா. கேட்டதுக்குக் குடுத்தது ஆகக் கூடாதில்ல, அதான்.

நாலாம் நாள்லேர்ந்து பாப்பா பழையபடி மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பிச்சா. அது விட்டு ரெண்டு வருஷமாச்சு. நான் கேட்டதுக்குப் பல்லு முளைக்குதுன்னு சொன்னா. ஒம்பது வயசுல என்னடி பல்லுன்னு நானும் விட்டுட்டேன். என் மேலயும் தப்பிருக்கு.

லீவு முடியப் போற நேரம் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிஞ்சு வந்தேன். காலையில பர்ஸை வீட்டுல மறந்துட்டுப் போயிருந்தேன். அதுல உன் அக்காவோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு உண்டு. கல்யாணம் ஆன புதுசுல வெச்சது. பாப்பா அதை உருவி எடுத்து ரெண்டு விரல்ல பிடிச்சு உன் அக்கா மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கறா. உன் அக்கா ரெண்டு கையையும் தொடைக்கடியில வெச்சு அது மேல உட்கார்ந்திருக்கா. கண்ணுல தண்ணி ஊத்துது, கையை எடுக்கலை. எவ்வளவு நேரமா அப்படி இருந்தாங்களோ. கடைசியில பாப்பா திரும்பி என்னைப் பார்த்தா. போட்டோவை என் கையில வெச்சா. நானும் வாங்கிக்கிட்டேன். "எனக்கு எதுக்குடா உங்க அம்மா படம், நான்தான் தினம் பார்க்கறேனே"ன்னு சும்மா சிரிச்சேன். யாரும் சிரிக்கலை.

அன்னைக்கே சீட்டுக் கட்டை எடுத்துக் கீழ போட்டேன். பாப்பா அதைத் தாண்டிப் போனா.

உன் அக்கா காலையில சாமி கும்பிடறதை விட்டுட்டா. கேட்டேன். "கை நீட்டுறவளுக்குக் கையை ஒளிச்சுட்டு நான் போய் யார்கிட்ட கை நீட்டறது"ன்னா. இதுக்குப் பதில் உனக்குத் தெரிஞ்சா எழுது.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 29

சின்னுவுக்கு,

உன் அத்தான் எழுதியதாகச் சொன்னார். அதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். கமிட்டி நடந்ததை எழுதுகிறேன், நீதான் கேட்டிருந்தாய்.

நீள மேஜை, மூன்று பேர். மின்விசிறி காகிதத்தைப் பறக்கடித்துக்கொண்டே இருந்ததால் தலைவர் ஒரு கையால் எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டே பேசினார். நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு கட்டங்களையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு பெரிய இறக்கத்தை நான் பார்த்ததே இல்லை. யோசிக்கவே வேண்டாம், தகுதி உண்டு" என்றார். அப்புறம் போன வருடத்துக் கணக்கைப் புரட்டினார். "ஆனா போன கோடையில ரெண்டரை மாசம் ஒண்ணும் இழக்கலையே. இப்ப பத்து நாள்ல என்னம்மா ஆச்சு?"

நான் பொய் சொல்லிப் பழகவில்லை. உன் அத்தானிடம் சொன்ன ஒன்றே போதும். "நான் சொல்லிக் கொடுக்கலை சார்" என்றேன்.

"ஏன், உடம்பு முடியலையா?"

"சொல்லிக் கொடுத்தா இழக்க மாட்டா. இழக்கலைன்னா நீங்க கொடுக்க மாட்டீங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். காகிதம் பறந்தது, யாரும் பிடிக்கவில்லை.

"யாரும்மா உங்களுக்கு இந்த யோசனை சொன்னது? பிள்ளை இழந்து காட்டணும்னு எந்த விதியிலயும் இல்லையே. இந்தப் பிள்ளை லீவுல இழந்துரும், இன்ன காரணம்னு டீச்சர் எழுதிக் கொடுத்தாப் போதும். வீட்டுல அம்மா சொல்லிக் கொடுக்கறதாலதான் நிக்குது, அம்மாவால முடியாமப்போனா நிக்காதுன்னு எழுதினாலே நாங்க ஒத்துக்கிட்டிருப்போம். அதுக்குத் தனி விண்ணப்பப் பாரமே இருக்கு."

டீச்சர் என் பக்கத்தில்தான் இருந்தார். அவர் முகம் செத்துவிட்டது. "எனக்கே இப்பதான் சார் தெரியும்" என்றார்.

"போன வருஷ உத்தரவுல அதை ஏன் எழுதலை?" என்று கேட்டேன்.

"கேட்டாக் கொடுப்போம்மா" என்றார்.

கேட்டால் கொடுப்பார்களாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது சின்னு. நிறுத்த முடியவில்லை. கமிட்டியில் இருந்த மனநல அலுவலர் என் தோளைத் தட்டி வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

யோசனை சொன்னது யார் என்று மறுபடியும் கேட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று சொல்லிவிட்டேன். உன் பெயர் வாயில் வரவில்லை, வராது. உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, நீ நிம்மதியாக இரு.

கோடை வகுப்பு கிடைத்துவிட்டது.

உன் அக்கா


ஜூன் 27

அன்பு அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அத்தான் தந்தி அடித்தார். வலி இருக்கிறதா? எழுந்து நடக்கிறாயா? இத்தனை நாள் எழுதாததற்கு எனக்குக் காய்ச்சல் என்றும், ஆபீஸில் வருடக் கடைசி வேலை என்றும் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் தபாலில் போடவில்லை. காய்ச்சல் உண்மைதான், மூன்று நாள்.

உன் கடிதம் வந்த அன்று ஆபீஸ் முடிந்தும் நான் போகவில்லை. பின்கட்டு அலமாரியில் அந்தப் பாரம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அச்சகத்திலிருந்து வந்த கட்டு, சணல்கூட அவிழ்க்காமல் இருந்தது. அதன் மேல்தான் நான் இத்தனை நாளும் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

உத்தரவின் அடியில் இதைப் பற்றி ஒரு வரி சேர்த்து அடிக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, இருக்கறதைப் பார்த்து அடி" என்றார். அன்றைக்கும் இருக்கிறதைப் பார்த்து ஒன்பது உத்தரவு அடித்தேன். மகனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாரே, அந்த அம்மாவின் முகவரியைக் கோப்பில் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். பாரத்தை ஓர் உறையில் போட்டும் வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள்.

அத்தான் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. நீ காலையில் மறுபடியும் வேண்டிக்கொள்கிறாயா? தும்பி தேறிவிட்டாளா? நீ திட்டி ஒரு வரி எழுதினால்கூட எனக்குத் தூக்கம் வரும். ஜூலைக் கடைசியில் நான்கு நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். வரலாமா?

சின்னு


ஜூலை 8

சின்னுவுக்கு,

தையல் ஆறிவிட்டது. நடக்கிறேன். அடுப்படிக்கும் வந்துவிட்டேன், குனிகிற வேலையை மட்டும் உன் அத்தான் செய்கிறார், செய்கிறேன் என்று பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்.

அந்த உறையை அனுப்பிவிடு. கையெழுத்து யாருடையது என்று கேட்டால் உன்னுடையது என்று சொல்.

தும்பி தேறிவிட்டாளா என்று கேட்டாய். தேறிவிட்டாள். பள்ளியில் கொடுத்த அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. பதினான்கும் திரும்ப வந்துவிட்டதாம், புதிதாக இரண்டு. "கோடை வகுப்பில் முழுமையாக மீண்டுள்ளார். ஆகவே அடுத்த கோடைக்குத் தேவை எழவில்லை" என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். நான் போய் அந்தப் பாரத்தைக் கேட்டு வாங்கி, டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வாக்குத் தவறவில்லை.

வகுப்பு முடிகிற அன்று அவளை அழைத்துவர நானே போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை வெளியே போனது. டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "இருங்கம்மா, ஒண்ணு காட்டறேன்" என்று என்னைக் கதவோரம் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கையை விரித்தார். தும்பி சீட்டுக் கட்டைப் புரட்டி, என் படம் போட்ட சீட்டை எடுத்து டீச்சரின் கையில் வைத்தாள். அம்மா வேண்டும். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதோ பாரு, அம்மா வந்தாச்சு" என்று கதவைக் காட்டினார். தும்பி திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் கையைப் பார்த்தாள். டீச்சரின் கையிலிருந்த சீட்டைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எல்லோரிடமும் கொடுக்கிறாள் சின்னு. அப்பாவிடம் கொடுக்கிறாள். தையல்காரரிடம் கொடுக்கிறாள். போன வாரம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம் டம்ளர் சீட்டைக் கொடுத்தாள். அந்த மனுஷர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன், அவர் அவளுக்குக் கொடுத்தார். முழுவதும் குடித்துவிட்டுக் கையைப் படபடவென்று அடித்தாள். நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்தால் என் எதிரில் வந்து கொஞ்ச நேரம் நிற்பாள். கையைப் பார்ப்பாள். பிறகு குளியலறைக் குழாயில் வாயை வைத்துக் குடித்துக்கொள்வாள்.

வேண்டிக்கொள்கிறாயா என்று கேட்டாய். மத்தியானம் வேலை முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அத்தான் பார்த்துவிட்டு, திரும்பவும் சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. ஆபரேஷன் வயிறு, இருமினாலே வலிக்கிறது.

நீ வா. உன் கையை அவளுக்குத் தெரியாது, அதனால் உன்னிடம் கொடுப்பாள். எது கொடுத்தாலும் உடனே வாங்கிக்கொள், கேட்டதை உடனே கொடுத்துவிடு. என் படம் போட்ட சீட்டை உன் கையில் வைத்தால் மட்டும் சத்தமாக என்னைக் கூப்பிடு. நான் அடுத்த அறையில்தான் இருப்பேன்.

உன் அக்கா